ஐந்து முட்டையும் அரை மூட்டை சீமெந்தும்

சாம்பக்கல் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில், பத்தாம் நம்பர் லயத்தின் வரிசை வீடுகளில், எனக்கு அடுத்த காம்பராவில் இருப்பவள் பாக்கியலெட்சுமி. லயத்துக்கு அவள் பாக்கியம். தோட்டத்துக் காணியைப் பிடிக்கப் பார்த்தவள் என்று அவளைப் பற்றி ஆபீஸில் பேசுகிறார்கள். உடம்பு வளையாமல் குருவி வளர்க்கிறவள் என்று மேல்லயத்தில் பேசுகிறார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. காணி பிடித்ததாகச் சொல்கிற அந்த வேலையைச் செய்தவன் நான். என் பெயர் கிருஷ்ணராஜ். அரை மூட்டை சீமெந்தைக் குழைத்து ஊற்றியது இந்தக் கை. அதை அலவாங்கால் குத்தி உடைத்ததும் இதே கைதான்.

உடம்பு வளையாதவளாம்! பாக்கியம் பதினெட்டு வயதில் கூடை மாட்டியவள். இருபத்திரண்டு வருஷம் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்தெடுத்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. மலை என்று நாங்கள் சொல்வது தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டையும்தான். பதினொரு பேருக்குக் கொட்டியது. பாக்கியத்துக்குப் பக்கத்து நிரையில் நின்ற பெண், பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். பாக்கியத்துக்குத் தலையிலும் கழுத்திலுமாக நாற்பது இடத்துக்கு மேல் கொட்டியிருந்தது. ஒன்பது நாள் கிடந்து எழும்பி வந்தாள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை மலைக்குப் போனாள். இரண்டு தடவையும் ஏதோ ஒரு வண்டு பறந்த சத்தத்துக்குக் கூடையைப் போட்டுவிட்டு நிரைக்குள் உட்கார்ந்து நடுங்கினாள். மூன்றாம் தடவை போகவில்லை. தோட்டம் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்க ஒரு நாய்கூட லயத்துப் பக்கம் வரவில்லை.

அவள் புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். மாதத்துக்கு ஒரு தடவை வருவான். அப்படி வந்த ஒரு நாள், பதுளை டவுனில் பறவை விற்கும் நிஸாம் நானாவிடம் ஒரு ஜோடி கொக்கட்டீல் வாங்கி வந்தான். சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் குங்குமத்தை அப்பியது போல ஒரு பொட்டு, நினைத்தால் தூக்கி நினைத்தால் படுக்க வைக்கிற கொண்டை. பெண்சாதி தனியாகக் கிடக்கிறாளே என்று வாங்கியது. அந்த ஜோடி மூன்று மாதம்தான் இருந்தது. ஐப்பசி மழைக்குக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு ஈரவிறகில் சோறாக்கினாள். விடிய எழும்பிப் பார்த்தால் இரண்டும் கூட்டின் அடியில் காலை நீட்டிக் கிடந்தன.

செத்ததைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு நிஸாம் நானாவிடமே போய் நின்றாள். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "பொகை ஈக்கிற எடத்துல இது நிக்காது தங்கச்சி. மனுஷன் இருமிட்டு நிப்பான். இது இருமாமலே பெய்த்துடும். வெளியில ஒரு எடம் செஞ்சிட்டு வாங்க, நான் வேற ஜோடி தாறேன்" என்றார்.

லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கானுக்கும் அவளுடைய லீக்ஸ் பாத்திக்கும் நடுவில், பழைய பலகையும் தகரமும் வைத்து நான்தான் கொட்டகை அடித்துக் கொடுத்தேன். முன்பக்கம் கம்பி வலை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் லயத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். விறகுக் கொட்டகை, ஆட்டுக் கொட்டகை, கோழிக்கூடு, எல்லாம் தகரத்தில் நிற்கிறது. தோட்டம் அதையெல்லாம் கண்டும் காணாத மாதிரிப் போகும்.

இரண்டு வருஷத்தில் நான்கு ஜோடி ஆனது. பாக்கியம் எந்தப் புத்தகத்தையும் பார்த்துப் படிக்கவில்லை. பறவையைப் பார்த்துப் படித்தாள். முட்டையை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே சிவப்பு நரம்பு ஓடினால் கரு, ஓடாவிட்டால் கூழ் என்று சொல்வாள். பகலில் ஆண் உட்கார்ந்து அடைகாக்கும், பின்னேரம் பெண் வந்து மாறும், ஃபெக்டரியில் ஷிப்ட் மாறுகிற மாதிரி நேரம் தவறாது என்பாள். வெலிமடையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் ஆட்கள் குஞ்சு கேட்டு வந்தார்கள். வந்தவர்கள் அவளுடைய வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து, "அக்கா, இது என்ன சாப்பிடும், அக்கா, இது ஏன் இறகைக் கடிக்குது" என்று கேட்டார்கள். எங்கள் லயத்துப் பொம்பளையிடம் டவுன் ஆள் ஒருவன் வந்து யோசனை கேட்டதை நான் அதுவரை கண்டதில்லை.

இந்த வருஷம் மாசியில் எலி வந்தது. மண் தரையைத் தோண்டி உள்ளே ஏறி, இறகு முளைக்காத இரண்டு குஞ்சைத் தின்றுவிட்டது. பாக்கியம் அழவில்லை. கொட்டகை வாசலில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. என் மச்சான் வீட்டு வேலையில் மிஞ்சிய அரை மூட்டை சீமெந்து என்னிடம் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மணலைக் கலந்து குழைத்துத் தரை போட ஆரம்பித்தேன்.

அவள் ஒரு தடவை கேட்டாள். "அண்ணே, சீமெந்து போடலாமா? ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"எலிக்குத்தானே போடுறேன், தொரைக்கா போடுறேன்? போ, தேத்தண்ணி ஊத்து" என்றேன்.

தோட்டத்தில் பிறந்து ஐம்பது வயதைத் தொடப்போகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலகையும் தகரமும் எத்தனை வருஷம் நின்றாலும் அது தற்காலிகம். சீமெந்து ஒரு கரண்டி விழுந்தால் அது கட்டிடம். கட்டிடம் என்றால் காணி. இருநூறு வருஷமாக இந்த மண்ணில் சாகிறோம், ஆனால் நாங்கள் ஒரு சாண் தரையைக் காயவைத்தால் துரைமாருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எலி மேல் இருந்த கோபத்தில் நான் மறந்தேன்.

புதன்கிழமை கடதாசி வந்தது. அனுமதி இல்லாத நிரந்தரக் கட்டிடம், ஏழு நாளுக்குள் அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் தோட்டமே அகற்றும். அந்தக் கடதாசி வந்த நாளில், கொட்டகையின் மூலைப்பெட்டியில் ஐந்து முட்டை இருந்தது. அடைகாக்க ஆரம்பித்து ஒரு வாரம். அந்த ஜோடி வெள்ளை முகம். இரண்டையும் வேறு வேறு இடத்தில் குஞ்சாக வாங்கி, கையால் ஊட்டி வளர்த்தவள் அவள். ஒன்றரை வருஷமாகக் கூழ்முட்டையாகவே போட்ட ஜோடி. முதல் தடவையாக ஐந்திலும் நரம்பு ஓடியது. மற்ற மூன்று ஜோடியையும் எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம். அடையிலிருக்கும் பெட்டியை அசைத்தால் தாயும் தகப்பனும் முட்டையைக் கைவிட்டுவிடும். அவளுக்கு வேண்டியது அந்த ஏழு நாளோடு இன்னும் பத்தே நாள்.

நானும் அவளும் ஆபீஸுக்குப் போனோம். தோட்டத்து உதவி மேனேஜர், எங்களுக்குச் சின்னத்துரை, வெளியே வந்து படியில் நின்றார். நாங்கள் முற்றத்தில் நின்றோம்.

"ஐயா, சீமெந்து தப்புத்தாங்க. ஒடைச்சிடுறோம். அந்தப் பெட்டிய மட்டும் அசைக்க ஏலாது. பத்து நாளு கூடக் குடுங்க" என்றாள் பாக்கியம்.

"பறவைக்குப் பிரசவ லீவா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலுக்குள் இருந்த கிளாக்கர் சிரித்தார். சிரிப்பதும் அவருக்கு வேலைதான் போலிருக்கிறது.

"நீ பேர் பதிஞ்சு பெரட்டுக்கு வா. கொழுந்தெடு. பிறகு பத்து நாள் என்ன, பத்து வருஷம் அந்தக் கொட்டகை நிக்கட்டும். நான் பாக்க மாட்டேன்."

"மலைக்கு என்னால ஏலாதுங்க. குளவி கொட்டுனது ஆபீஸுக்கும் தெரியும்."

"அப்ப கொட்டகையும் ஏலாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிரச்சினை சீமெந்தும் இல்லை, காணியும் இல்லை. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க ஆள் குறைந்துகொண்டே போகிறது. வயதுப் பிள்ளைகள் எல்லாம் கொழும்புக்குப் போய்விட்டார்கள். கொழுந்து முற்றுகிறது. ஒரு கூடை கூட வேண்டும், அதற்கு ஐந்து முட்டையைப் பிணை பிடிக்கிறார்கள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். பாக்கியம் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று பின்னேரம் தோட்டத் தலைவர் கந்தப்பன் வந்தார். சங்கத்துக்காரர். கூப்பிட்ட நாளில் வரமாட்டார், கூப்பிடாத நாளில் வந்து உட்காருவார்.

"பாரு பாக்கியம், நான் தொரைகிட்ட பேசிட்டேன். திங்கக்கெழம நீ பெரட்டுக்கு வருவேன்னு சொல்லிட்டேன். பிரச்சின முடிஞ்சிருச்சு."

"யாரக் கேட்டுச் சொன்னீங்க தலைவரே?"

"யாரக் கேக்கணும்? நான் தலைவரு."

"அப்ப நீங்களே கூடைய மாட்டிக்கிட்டுப் போங்க. பொம்பளைங்க நெரையில ஒங்களுக்கும் ஒரு எடம் கெடைக்கும். படங்க மட்டும் இடுப்புல நல்லா இறுக்கிக் கட்டுங்க, அவுந்துராம."

எங்கள் காம்பராவுக்குள்ளிருந்து என் பெண்சாதி கலாராணி சத்தமாகச் சிரித்துவிட்டாள். தலைவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பினார். "கிருஷ்ணா, ஒன் வீட்டுப் பொம்பளைய அடக்கு" என்றார்.

"ஒங்களையே அடக்க முடியல தலைவரே" என்றேன்.

திங்கட்கிழமை பாக்கியம் போகவில்லை. புதன்கிழமை காலை பெரட்டில் கங்காணி பெயர் வாசித்தார். எந்த மலைக்கு யார் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், என் பெயரில் நின்றார். "கிருஷ்ணராஜ், ஜீவன், ரெண்டு பேரும் அலவாங்கு எடுத்துக்கிட்டுப் பத்தாம் லயம்."

தோட்டத்தின் வேலை முறை இதுதான். லயத்தில் ஒன்றை உடைக்க வேண்டுமானால் அந்த லயத்து ஆளையே அனுப்புவார்கள். சண்டை லயத்துக்குள்ளேயே நின்றுவிடும், படியேறி ஆபீஸுக்கு வராது.

"வேற ஆளே இல்லையா கங்காணியாரே?"

"போட்டவனுக்குத்தான் ஒடைக்கத் தெரியும்னு ஐயா சொன்னாரு."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அன்றைய பெயரும் சம்பளமும் போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் நான் போகாவிட்டால் மேல்லயத்திலிருந்து இரண்டு பேரை அனுப்புவார்கள். அவர்கள் வந்து கூரைத் தகரத்தில் முதல் அடி அடிப்பார்கள். அதை நினைத்துக்கொண்டு அலவாங்கைத் தோளில் வைத்தேன். சரியா பிழையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பாக்கியம் வாசலில் நின்றாள். அன்று விடியவே அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, காம்பராவின் கரிச்சுவரைக் கழுவிவிட்டிருந்தாள். என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஒங்க கையால வந்துச்சு, ஒங்க கையாலயே போகட்டும் அண்ணே. ஆனா நான் சொல்ற வரைக்கும் அந்த இரும்பக் கீழ வைக்காதீங்க. சத்தம் கேக்கக் கூடாது."

முதலில் மற்ற மூன்று ஜோடியையும் கூடுகளில் எங்கள் இஸ்தோப்புக்குக் கொண்டுவந்தாள். வெள்ளைமுகப் பெண்ணைத் தனியாக ஒரு கூட்டில் பிடித்தாள். கடைசியாக அந்தப் பெட்டி. பகல் என்பதால் ஆண் உள்ளே முட்டையில் உட்கார்ந்திருந்தது. பெட்டியின் துவாரத்தை ஒரு துணியால் அடைத்து, ஆணிகளை நான் ஒவ்வொன்றாகக் கையாலேயே நெம்பிக் கழற்ற, அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய குடத்தைச் சிந்தாமல் கொண்டுபோகிற நடை. முப்பது அடி தூரத்துக்குப் பத்து நிமிஷம் எடுத்தது.

ஜீவனால் வாயைக் கட்ட முடியாது. "சாமி ஊர்வலம் மாதிரி இருக்கே. தப்பு அடிக்கட்டுமா பாக்கியக்கா?"

"ஒன் மூஞ்சியில அடிப்பேன். வழிய விடு."

காம்பராவுக்குள் இருட்டு மூலையில் பெட்டியை மாட்டி, சுற்றிச் சேலையைக் கட்டி, துணியை எடுத்து, பெண்ணையும் அந்தச் சேலைக்குள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் போய் உடைத்தேன். அந்தச் சீமெந்து நன்றாகப் பிடித்திருந்தது. ஒவ்வொரு குத்துக்கும் ஓர் உள்ளங்கை அளவுதான் பெயர்ந்தது. இவ்வளவு நன்றாக எதற்குக் குழைத்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டு உடைத்தேன்.

இரண்டு மணிக்கு அவள் ஓடிவந்தாள். ஆண் பெட்டியைவிட்டு வெளியே வந்துவிட்டது. சேலையில் தொங்கிக்கொண்டு கத்துகிறது, உள்ளே போகமாட்டேன் என்கிறது. பெண்ணும் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது. நிஸாம் நானாவுக்குப் போன் எடுத்தாள். "ஆரும் முன்னுக்கு நிக்க வேணாம் தங்கச்சி. எல்லாரும் வெளியில போங்க. கைய வைக்க வேணாம். அதுக்கா மனசு வந்தாத்தான்" என்றார்.

நாங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்தோம். அவள், நான், கலாராணி, ஜீவன். ஒரு தடவை அவள் பொறுக்க முடியாமல் உள்ளே போய், பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சூடு எறங்கிருச்சு அண்ணே" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான்கரை மணிக்குப் பெண் தன் ஷிப்ட் நேரம் என்று எழும்பியது. பெட்டியின் மேல் ஏறி நின்று, தலையை நுழைத்து, எடுத்து, மறுபடி நுழைத்து, உள்ளே போய்விட்டது. பாக்கியம் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. எரித்தால் புகை, புகை என்றால் எல்லாம் போச்சு. எங்கள் பக்கம் அடுப்பெரியாத வீடு ஒன்றுதான் இருக்கிறது, அது சாவு வீடு. அங்கேதான் பக்கத்து வீட்டார் சோறாக்கிக் கொண்டுபோவார்கள். கலாராணி முதல் நாள் மூடிய சட்டியோடு போனபோது மேல்லயத்துக்காரி ஒருத்தி ரோட்டில் நின்று கத்தினாள். "என்னடி, யாரு போய்ட்டா பாக்கியம் வீட்டுல?"

பாக்கியம் உள்ளேயிருந்து வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். "யாரும் போகல. வரப்போறவங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்."

அது லயம் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த நாள் ஆறாவது காம்பராவிலிருந்து ரொட்டியும் சம்பலும் வந்தது. அதற்கடுத்த நாள் கடைசிக் காம்பராவிலிருந்து சோறும் கருவாடும். கந்தப்பன் தலைவரின் பெண்சாதிகூடப் புருஷனுக்குத் தெரியாமல் புட்டு அனுப்பினாள். பொம்பளைகள் தங்களுக்குள் முறை போட்டுக்கொண்டார்கள். நல்லதுதான். ஆனால் எனக்கு அதிலும் கோபம் வந்தது. சட்டியைத் தூக்கத் தெரிந்த இத்தனை பேரில் ஒருவராவது அந்தப் புதன்கிழமை பெரட்டில் வாயைத் திறந்தோமா? நாற்பது பேர் நின்றோம். நானும்தான் நின்றேன்.

அடைகாக்க ஆரம்பித்த இருபதாம் நாள் ஒன்று பொரித்தது. மறுநாள் இரண்டு. மற்ற இரண்டும் பொரிக்கவே இல்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு அவற்றை எடுத்து உடைத்துப் பார்த்தாள். உள்ளே குஞ்சு மடங்கிக் கிடந்தது, கண்ணும் அலகும் தெரிந்தது. அந்த இரண்டரை மணி நேரத்தில் குளிர்ந்துபோனதுதான், வேறொன்றும் இல்லை. லீக்ஸ் பாத்தியில் நானே குழி தோண்டிப் புதைத்தேன். புதைக்கும்போது ஆபீஸ் ஜன்னலுக்குள் கேட்ட அந்தச் சிரிப்புத்தான் காதில் கேட்டது.

மூன்று குஞ்சுக்கும் ஒரு வாரம் ஆகும்போது சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் வந்தார், பின்னால் கணக்கப்பிள்ளை. லயத்து முற்றத்தில் நிறுத்தி ஹோர்ன் அடித்தார். லயக் காம்பராவுக்குள் பறவை வளர்ப்பதாக முறைப்பாடாம். யார் முறையிட்டது என்று எனக்குத் தெரியும், எழுதவில்லை.

பாக்கியம் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"கதவத் தெற. உள்ள பாக்கணும்" என்று சத்தமாகச் சொன்னார்.

"மெதுவாப் பேசுங்க ஐயா. உள்ள குஞ்சு இருக்கு."

"என்ன?"

"மெதுவானு சொன்னேன்."

அந்தந்தக் காம்பராவிலிருந்து பொம்பளைகள் இஸ்தோப்புக்கு வந்து நின்றார்கள். அன்று பௌர்ணமிக்குப் பொயா லீவு, எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். ஒருத்தி கையில் அகப்பை, ஒருத்தி இடுப்பில் பிள்ளை. அன்றைக்குச் சோறு கொடுக்க முறையாயிருந்தவள் சட்டியோடேயே நின்றாள். நான் கலாராணிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஜீவனும் வந்தான்.

சின்னத்துரை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"எத்தனை நாள்?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"பறக்குற வரைக்கும். இன்னும் ஒரு மாசம்."

"பெரட்டுக்கு?"

"அது எப்பவும் இல்லீங்க."

அவர் திரும்பினார். மோட்டார் சைக்கிளை வளைவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கே வைத்துத்தான் உதைத்து எழுப்பினார். அது அவருடைய நல்ல மனசு என்று மேல்லயத்தில் இப்போது பேச்சு. அன்று எங்கள் இஸ்தோப்புகளில் நின்ற பொம்பளைகளை அவர்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

"போய்ட்டாரா?" என்று கேட்டாள் பாக்கியம். கை இன்னும் கதவுக் கொண்டியிலேயே இருந்தது.

"போய்ட்டாரு."

"அப்ப நீங்களும் போங்க. இரை குடுக்குற நேரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.